மஸ்கட்டில் இலை வாரிய கதை

என் முதுகைப் பற்றி நான் எழுதும் முதல் கட்டுரை இது. என்னைப் பற்றி என் முதுகு எழுதினால் இதைவிட நீளமாக இருக்கும். வார்த்தைகளும் கொஞ்சம் தடிப்பாக இருக்கும்.

நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். கல்லூரி நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். (வீட்டில் இதைப் பழக்கம் என்று சொல்வதில்லை, வியாதி என்பார்கள்.) சட்டைகளை நிறவாரியாக மாட்டுவேன். அப்படிப்பட்டவனுக்கென்றே செய்தது போல, மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர் உத்தியோகம் அமைந்தது. ஹெல்மெட் போடு, பெல்ட் மாட்டு, முட்டியை மடக்கித் தூக்கு என்று நாற்பது பேருக்கு நாள் முழுக்கச் சொல்வதற்குச் சம்பளம். இதையே வீட்டில் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். அங்கே யாரும் எழுந்து போக முடியாது.

2006 நவம்பரில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தலைமை அலுவலகம் கனடாவில். மாதம் தவறாமல் ஒரு பாதுகாப்புச் சுற்றறிக்கை அனுப்புவார்கள். அந்த மாதத் தலைப்பு, ‘இலையுதிர்காலத் தோட்ட வேலையில் வலியும் காயமும் இல்லாமல் இருப்பது எப்படி’. உதிர்ந்த இலைகளை வாருவதற்கு முன் உடலைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். நீளமான காம்புள்ள வாரியால் வார வேண்டும். இடுப்பை மட்டும் திருப்பக் கூடாது, கால்களையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். மூட்டையை முட்டி மடக்கித் தூக்க வேண்டும். கடைசி வரியில், உலகெங்கும் உள்ள எல்லாக் கிளைகளும் மாத முடிவுக்குள் செயல்விளக்கம் நடத்திப் புகைப்படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று தடித்த எழுத்தில் இருந்தது.

மஸ்கட்டில் நவம்பர் வந்தால் இரவில் ஏ.சி.யை அணைத்துவிட்டுத் தூங்கலாம். எங்கள் இலையுதிர்காலம் அவ்வளவுதான். ரூவியிலிருந்து வாதி கபீர் போகும் வழியில் இருந்த எங்கள் யார்டில் இரும்புக் குழாய் உண்டு, சாரக் கம்பி உண்டு, மூன்று பக்கமும் மொட்டை மலை உண்டு. மரம் என்று இருந்தது ஒரே ஒரு சீமைக் கருவேலம். அதிலும் இலையைவிட முள்தான் அதிகம்.

வேறு யாராக இருந்தாலும் ‘இங்கே இலை இல்லை’ என்று ஒரு வரி பதில் போட்டிருப்பார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. ‘எல்லாக் கிளைகளும்’ என்றால் எல்லாக் கிளைகளும்தானே? (மரக் கிளை இல்லாத கிளைக்கு விலக்கு என்று எங்கும் போடவில்லை.) இலையை வரவழைப்பது எப்படி என்றுதான் யோசித்தேன்.

எங்கள் மேனேஜர் சோப்ரா சாப், அமிர்தசரஸ்காரர். அவருடைய வில்லாவில் இரண்டு வாதுமை மரங்கள் இருந்தன. அகலமான இலை, பழுத்தால் சிவக்கும். கனடாவுக்குக் கிட்டத்தட்ட அதுதான் பொருத்தம். அங்கே வாரி வைத்திருந்த இலைகளை ஐந்து மூட்டையாகக் கட்டி, கம்பெனி பிக்கப்பில் யார்டுக்குக் கொண்டு வந்தேன். மூட்டைகளை இறக்கியது ரிக்கர் ஃபோர்மேன் முத்தையா. கிரேனில் பாரம் தூக்கும்போது பட்டை கட்டி, கையால் சைகை காட்டுகிற கோஷ்டிக்குத் தலைவர். பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர்.

“ஏன் சார், வாரி மூட்ட கட்டின இலைய இங்க கொண்டாந்து கொட்டப் போறோமா?” என்றார்.

“ஆமாம்.”

“கொட்டிட்டு?”

“வாருவோம்.”

“வாரிட்டு?”

“மூட்டை கட்டுவோம்.”

“செரி சார்” என்றார் முத்தையா. அந்தச் ‘செரி’க்கு நான் டைரியில் தனிப் பத்தியே ஒதுக்கியிருக்கிறேன்.

அடுத்து அவர் கேட்டது நியாயமான கேள்வி. “இத பெட்டி கைக்கு வந்தப்புறம் வச்சுக்கக் கூடாதா சார்?”

பெட்டி விஷயத்தை இங்கே விளக்கியாக வேண்டும்.

யார்டின் நடுவில் ஒரு பலகை இருந்தது. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று எழுதி, கீழே மூன்று கொக்கிகளில் எண் தகடுகள் தொங்கும். தினமும் காலையில் நான்தான் தகட்டை மாற்றுவேன். ஆயிரம் நாள் ஆனால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் சக்கரம் வைத்த பெரிய சூட்கேஸ் பரிசு என்று கம்பெனி அறிவித்திருந்தது. சூட்கேஸ்கள் வந்தும்விட்டன. ஸ்டோரில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், பாதி கருநீலம், பாதி மெரூன். ஸ்டோர்கீப்பர் ஜமால் பாய் கீழக்கரைக்காரர். டீ பிரேக்கில் ஆட்கள் ஸ்டோர் ஜன்னலில் வரிசையாக நின்று அவரவர் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். “பொண்ணு பாக்க வர்ற மாதிரில்ல வர்றானுவ. தொட்டுப் பாக்கக் கேட்டா மட்டும் நான் விடுறதில்ல” என்பார் ஜமால் பாய்.

முத்தையா அந்த வாரமே லீவில் ஊருக்குப் போகிறார். போன முறை அட்டைப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டு போய் இறங்கியிருக்கிறார். ஏர்போர்ட்டில் சோதனைக்கென்று கயிற்றை அறுத்துவிட்டார்கள். “பெரம்பலூர் பஸ்ல பெட்டிய கட்டிப் புடிச்சுக்கிட்டே போனேன் சார். எம் பொண்ணு ஓடியாந்தது. தூக்கறதுக்குக் கையி காலியா இல்ல” என்று ஒருமுறை சொல்லியிருந்தார். இந்த முறை உருட்டிக்கொண்டு வருவேன் என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அவருடையது மெரூன்.

பலகையில் அன்று 999. மறுநாள் ஆயிரம்.

“பாதுகாப்புக்கு நாள் நட்சத்திரம் பார்க்கக் கூடாது முத்தையா” என்றேன். இப்போது நினைத்தால் அந்த வாயிலேயே ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்க்கலாம் போல இருக்கிறது.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். அடிபட்டவர் மறுநாள் டூட்டிக்கு வராவிட்டால்தான் அது கணக்கில் ஏறும் விபத்து; பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். வந்துவிட்டால் வெறும் முதலுதவி. இதனால் சில இடங்களில் அடிபட்டவரைத் தூக்கி வந்து ஏ.சி. அறையில் உட்கார வைத்து, ‘டூட்டிக்கு வந்துவிட்டார்’ என்று சமாளிப்பார்கள். அந்தத் தில்லுமுல்லை ஒழிக்க நானே ஒரு விதி கொண்டு வந்தேன். ‘கேட்டிலிருந்து பலகை வரை தன் காலால் நடந்து வந்தால் மட்டுமே வருகை.’ லேமினேட் செய்து கேட்டில் ஒட்டியதும் நான்தான். நான்கு மூலையிலும் டேப்.

செயல்விளக்கம் காலை டீ முடிந்ததும் ஆரம்பமானது. நாற்பது பேர் நீலக் கவரால் உடுப்பு அணிந்து அரைவட்டமாக நின்றார்கள். நடுவில் மணலில் ஐந்து மூட்டை இலை. ரூவி முழுக்கத் தேடியும் இலை வாரி கிடைக்காததால், கான்கிரீட் பரப்புகிற இரும்பு வாரியை ஜமால் பாய் கொடுத்தார். “பாத்து சார், கனம் சாஸ்தி” என்றார். சுற்றறிக்கைப்படி தோளைச் சுழற்றினேன், குனிந்து காலைத் தொடப் போனேன், முழங்காலோடு திரும்பினேன். நாற்பது பேரும் செய்தார்கள். பிறகு வாரியைப் பிடித்து, “இடுப்பை மட்டும் திருப்பக் கூடாது” என்று சொல்லிக்கொண்டே நாலு வாரு வாரினேன். அழகாகத்தான் வாரினேன். அதுவரை நடந்ததற்கு நல்ல புகைப்படங்கள் இருக்கின்றன.

அப்போது கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. ஐந்து மூட்டை வாதுமை இலையும் எழுந்து உட்கார்ந்தது. பிறகு நடக்க ஆரம்பித்தது.

“சார், அந்தப் பக்கம் போவுது!”

“சார், பின்னாடி பின்னாடி!”

நாற்பது பேர் பார்க்கிறார்கள். மேனேஜரும் ஆபீஸ் வாசலில் நின்று பார்க்கிறார். விட முடியுமா? இடது காலால் ஓர் இலைக் கும்பலை மிதித்துக்கொண்டு, வலது கையால் வாரியை எட்டி வீசி, பறக்கிற கும்பலை மறிக்கப் பார்த்தேன். கால் வடக்கே, தோள் தெற்கே, இடையில் இடுப்பு. ‘ஒருபோதும் செய்யாதீர்கள்’ என்று சுற்றறிக்கையில் சிவப்புக் குறுக்குக் கோடு போட்ட படம் இருந்ததே, அதே நிலை.

முதுகில் ‘டக்’ என்றது. சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது.

அதன் பிறகு நான் அசையவில்லை. வாரி நீட்டியபடி, வாய் திறந்தபடி, ஒரு காலில் பாரத்தோடு சிலையாக நின்றேன். ஆட்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். முத்தையாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. (விளங்கிவிட்டது என்று அவர் நினைத்தார்.) பின்னால் நின்ற பீகார், பஞ்சாப் ஆட்களைப் பார்த்து உரக்கச் சொன்னார்: “தேக்கோ பாய், ஐசா நஹி கர்னா! இப்பிடி நின்னா முதுகு போயிடும்னு சார் காட்டுறாரு. நல்லாப் பாத்துக்கங்க!”

கைதட்டினார்கள். முகத்தில் வலியைக்கூடத் தத்ரூபமாகக் கொண்டு வந்திருப்பதாக ஒருவர் பாராட்டினார். கேமரா போன் வைத்திருந்தவர்கள் கிட்டே வந்து படம் எடுத்தார்கள். ஒருவர் சுற்றி வந்து பக்கவாட்டிலும் எடுத்தார்.

“முத்தையா” என்றேன், உதடு அசையாமல். “கிட்ட வாங்க.”

வந்தார்.

“இது செயல்விளக்கம் இல்லை.”

முத்தையா என் முகத்தைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். பிறகு ஸ்டோர் ஜன்னலைப் பார்த்தார்.

“ஐயோ சார்” என்றார். அந்த ஐயோ எனக்கா மெரூன் பெட்டிக்கா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

மாலையில் ரூவியில் ஒரு கிளினிக். டாக்டர் மலையாளி. “எங்ஙனே பற்றி?” என்றார். இலை வாரும்போது என்றேன். எங்கே என்றார். வாதி கபீரில் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதலில் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். ஊசி போட்டுவிட்டு, படுத்தே இருக்க வேண்டும், மெடிக்கல் சர்டிஃபிகேட் தருகிறேன் என்றார்.

“சர்டிஃபிகேட் வேண்டாம் டாக்டர்.”

என் மனைவி கல்யாணி பக்கத்தில்தான் இருந்தாள். “வேண்டாமா? காய்ச்சல் இல்லன்னு சரியாப் பாத்தீங்களா டாக்டர்?” என்றாள்.

வீட்டுக்கு வந்து தரையில் படுத்தேன். நாற்பது பேர் ஆயிரம் நாள் ஹெல்மெட் கழற்றாமல் சேர்த்ததை, சேஃப்டி ஆபீசர் ஒருவனே போட்டு உடைக்கலாமா? முத்தையாவின் பெட்டி, மகள் எல்லாவற்றையும் கல்யாணியிடம் சொன்னேன். “பெட்டிக்காக முதுகையே கொடுப்பீங்களா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பொண்ணு எவ்வளவு பெருசு?” என்றாள். முத்தையாவின் மகள் மூன்றாம் வகுப்பு என்றேன். காலையில் என் யூனிஃபார்மைத் தேய்த்து வைத்திருந்தாள்.

யூனிஃபார்ம் தயார், ஆள்தான் எழவில்லை. எங்கள் ஃப்ளாட் மூன்றாவது மாடி; லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம். கல்யாணி பிடித்துப் பிடித்து நிறுத்தினாள். நின்றேன், நட்டுவைத்த கம்பத்தை யாரோ பாதியில் வளைத்தது போல நின்றேன். படி இறங்குவது நடக்காது என்று தெரிந்தது. அப்போதுதான் கதவு தட்டினார்கள். முத்தையாவும் மூன்று ரிக்கர்களும். கையில் பாரம் தூக்குகிற மஞ்சள் பட்டை, முதுகு சாய்கிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று.

“முத்தையா, தூக்கி வந்தால் வருகை ஆகாது. விதி இருக்கிறது” என்றேன்.

“படிச்சுட்டுத்தான் சார் வந்தோம். கேட்டுலேர்ந்து பலகை வரைக்கும்தான் நடக்கணும்னு எழுதியிருக்கீங்க. வீட்டுலேர்ந்து கேட்டு வரைக்கும் எப்பிடி வரணும்னு எழுதலயே.”

என் விதியில் ஓட்டை! முதுகைவிட அது வலித்தது.

நாற்காலியில் உட்கார வைத்து, பட்டையை அடியில் இரண்டு சுற்றுக் கொடுத்துக் கட்டினார்கள். முத்தையா எதிரில் நின்றார். ஒரு பாரத்தைத் தூக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளை நான்தான் அவர்களுக்கு மனப்பாடம் செய்வித்திருந்தேன். ஒன்றைக்கூட விடவில்லை.

“லோடு வெயிட் என்ன சார்?”

“எழுபது கிலோ.”

“எண்பத்தி மூணு!” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. “ஆளுங்க கையப் பாத்துக்கணும்ல? உண்மையச் சொல்லுங்க!”

“லோடுல கனம் எந்தப் பக்கம் சாஸ்தி?”

“முன்பக்கம்” என்றாள் கல்யாணி, வெளியே வந்து என் வயிற்றைப் பார்த்தபடி.

நான்கு பேரில் இரண்டு பேர் முன்னால், ஒருவர் பின்னால், முத்தையா மட்டும் ஐந்தாறு படி கீழே நின்று சைகை காட்டினார். கை தாழ்ந்தால் இறக்கு, விரல் திரும்பினால் திரும்பு, முஷ்டி மூடினால் நில். நாற்காலி அந்தரத்தில் மிதந்தது. முதல் திருப்பம் வரை வாயை மூடிக்கொண்டுதான் வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. கண்ணெதிரே தப்பு நடக்கும்போது சேஃப்டி ஆபீசர் எப்படிச் சும்மா இருப்பான்?

“வலது பக்கம் தாழ்கிறது. செல்வம், முட்டியை மடக்குங்கள், முதுகை வளைக்காதீர்கள். முத்தையா, சுவர் ஓரம் இடைவெளி...”

முத்தையா முஷ்டியை மூடினார். எல்லாரும் நின்றார்கள்.

“சார்” என்றார், மிகவும் பணிவாக. “தூக்கும்போது சிக்னல்மேன் ஒருத்தர்தான் பேசணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? லோடு பேசக்கூடாது சார்.”

மேலே, டிபன் டப்பாவோடு வந்துகொண்டிருந்த கல்யாணி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். எதிர் ஃப்ளாட் கதவு திறந்தது. கீழ் ஃப்ளாட் கதவும் திறந்தது. லோடு பேசாமல் இறங்கியது.

பிக்கப்பில் ஏற்றிக் கொண்டு வந்து, யார்டு கேட்டில் என்னைப் பட்டையிலிருந்து அவிழ்த்து நிறுத்தினார்கள். பலகை ஒரு கிரிக்கெட் மைதானத்தின் குறுக்களவு தூரத்தில் தெரிந்தது. ஆபீஸ் ஜன்னலில் சோப்ரா சாப் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் உடம்பு நிமிரவில்லை. தலை தரையைப் பார்த்தபடி, கை முன்னால் தொங்க, ஒவ்வோர் அடியாக நகர்ந்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் மாதிரியே இருந்ததாம். அதைக் கண்டுபிடித்தவர் ஜமால் பாய்.

“அடே, சார் நட்டு தேடுறாக! சும்மா நிக்கிறியளே, நீங்களும் தேடுங்கப்பா!”

நாற்பது பேரும் குனிந்தார்கள். எனக்கு முன்னால் பத்துப் பேர், பின்னால் பத்துப் பேர், இரண்டு பக்கமும் மீதிப் பேர். கைகள் தொங்க, கண்கள் மணலில், என் வேகத்துக்கே எல்லாரும் ஊர்ந்தார்கள். அந்த யார்டில் அவ்வளவு ஒழுங்கான அணிவகுப்பை நான் எத்தனை பயிற்சி கொடுத்தும் பார்த்ததில்லை. பாதி வழியில் ஒருவருக்கு நிஜமாகவே ஒரு நட்டு கிடைத்தது. “மில் கயா!” என்று கத்தினார். “கிடைக்கலடா, தேடு!” என்று முத்தையா அதட்டினார்.

பலகையை அடைந்தேன். கை மட்டும் மேலே போனது. ஒன்பதுகளைக் கழற்றிப் பூஜ்யங்களை மாட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது தகடு, அந்த ‘1’, கையில் இருந்தது.

மாட்டக் கொக்கி இல்லை.

பலகையை வடிவமைத்தது நான். அளவு எடுத்து, வரைபடம் போட்டு, ஆயிரம் நாளை இலக்காக எழுதி, மூன்றே மூன்று கொக்கி அடிக்கச் சொன்னவனும் நான். இப்போது பலகையில் ‘விபத்தில்லா நாட்கள் 000’ என்று இருந்தது. ஒருவிதத்தில் அதுதான் சரியோ என்று ஒரு கணம் தோன்றியது.

“குடுங்க சார்” என்று முத்தையா ‘1’ஐ வாங்கிக்கொண்டார். பலகைக்கு இடது பக்கம் ஒட்டி நின்று, தகட்டைச் சரியான உயரத்தில் பிடித்துக்கொண்டு, “ம், எடுங்க போட்டோ” என்றார்.

சோப்ரா சாப் வந்து பெட்டிகளைக் கொடுத்தார். எனக்குச் சேரவேண்டிய கைகுலுக்கலைச் சற்றுக் குனிந்தே கொடுத்தார். பிறகு காதருகில், “நட்டு மிலா, சேஃப்டி சாப்?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், “நாலு நாள் லீவ் எடுத்துக்கொள். நாளையிலிருந்து. இன்று நீ டூட்டியில் இருக்கிறாய்” என்றார் இந்தியில்.

அன்று டூட்டியில் நான் செய்த ஒரே வேலை, நின்றபடியே முதலுதவி அறிக்கை எழுதியது. காயம்பட்டவர்: நான். செய்துகொண்டிருந்த வேலை: காயம்படாமல் இருப்பது எப்படி என்று காட்டியது. காரணம்: பயிற்சியில் சொன்னதைப் பின்பற்றாமை. தீர்வு: இவருக்கு மறுபயிற்சி தேவை. பயிற்சியளிப்பவர்: நான். ஒரு வரிகூட மாற்றாமல் கனடாவுக்கு அனுப்பினேன். அவர்கள் அறிக்கையைப் படித்தார்களா என்று தெரியாது. படங்களைப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த சுற்றறிக்கையின் முதல் பக்கத்தில் நான் சிலையாக நின்ற படம், ‘தவறான முறை: மஸ்கட் கிளையின் மிகச் சிறந்த நடிப்பு’ என்ற குறிப்போடு வந்தது. அந்த மாதத் தலைப்பு: ‘வாசலில் பனி வாரும்போது முதுகைக் காப்பது எப்படி’.

இந்த முறை, ‘இங்கே பனி இல்லை’ என்று ஒரு வரி பதில் போட்டேன்.

நாங்கள் ஊர் திரும்பிப் பல வருடமாகிறது. கல்யாணி இட்லி மாவு கரைக்கும்போது நான் உப்பு பற்றி வாயைத் திறந்தால் போதும், முஷ்டியை மூடிக் காட்டுவாள். எங்கள் மகள் கார் ஓட்டும்போது பின்சீட்டிலிருந்து ‘லெஃப்ட்டில் பைக் வருகிறது’ என்றால், கண்ணாடியில் என்னைப் பார்த்து அவளும் அதையே செய்வாள். சைகையைப் பார்த்ததும் மாப்பிள்ளைகூட அடக்கிக்கொண்டு சிரிக்கிறார். அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே கதை போய்விட்டது.

பொங்கலுக்கு முத்தையா போன் பண்ணுவார். முதலில் முதுகை விசாரிப்பார். நான் பெட்டியை விசாரிப்பேன். போன பொங்கலுக்குச் சொன்னார்: “சக்கரம் ஒண்ணு போயிருச்சு சார். ஆனா இன்னும் ஓடுது. பொண்ணு அதுலதான் புக்கெல்லாம் அடுக்கி ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போயிருக்கு. மூணாவது மாடி, அவளேதான் தூக்கிட்டு ஏறுறாளாம்.”

“மூன்றாவது மாடியா? புத்தகக் கனம் முதுகுக்கு ஆகாது முத்தையா. முட்டியை மடக்கி, பெட்டியை உடம்போடு ஒட்டி...”

போனில் அந்தப் பக்கம் சத்தமில்லை. பெரம்பலூரில் எங்கோ ஒரு முஷ்டி மூடியிருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

வாயை மூடிக்கொண்டேன்.